புதன்கிழமை டூட்டிக்குப் போன கைக்குழந்தை

புதிதாகச் சேர்ந்திருக்கிற தங்கச்சிகளுக்கும் அந்த ஒரே ஒரு தம்பிக்கும்,

நம் நர்ஸ்கள் வாட்ஸ்அப் குரூப்பில் என் பெயரை ‘ரிட்டயர்டு அக்கா’ என்று சேவ் பண்ணி வைத்திருக்கிறீர்கள். எனக்கு இருபத்தெட்டு வயதுதான் ஆகிறது. நான் வேலையை விட்டது மேலே படிக்க, முட்டி தேய்ந்து அல்ல. இருந்தாலும் ‘அக்கா, ஃபீல்டு அனுபவம் ஏதாவது போடுங்க’ என்று கேட்டுவிட்டீர்கள். மூன்று வருஷ சர்வீஸை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் மாதிரிப் பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊசியை எந்தக் கோணத்தில் பிடிப்பது, பெட்டியில் ஐஸை எப்படி அடுக்குவது என்பதெல்லாம் காலேஜில் சொல்லியிருப்பார்கள். தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பல்லி எப்போது வாயைத் திறக்கும் என்று கோயில் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அதைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

ஆலத்தியூரைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் ரோட்டோரத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், எனக்குக் கொடுத்த ஊர்களில் அதுவும் ஒன்று. அங்கே டிப்பர் லாரி ஓட்டும் செல்வராசு, அவர் மனைவி வளர்மதி, ஏழு வயதுப் பையன் நிதிஷ், பத்து மாதக் குழந்தை யாழினி. நிதிஷுக்குச் சர்க்கரை நோய். பெரியவர்களுக்கு வருகிற ரகம் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் சொந்தக் கணையத்தைப் போட்டு அடித்துவிடுகிற ரகம். தினமும் நாலு வேளை இன்சுலின் போட வேண்டும். போடுவது செல்வராசு.

அந்த நோய் தெரிய வந்தது, நிதிஷுக்கு ஐந்து வயதுத் தடுப்பூசி போட்ட அடுத்த மாதம். அதிலிருந்து செல்வராசுவின் கணக்கு ஒரே வரி. ஊசி போட்டார்கள், சர்க்கரை வந்தது. யாழினிக்குப் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் போட்டதோடு சரி, அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஊரில் தட்டம்மை இறங்கிவிட்டது. இரண்டு குழந்தைகள் அரியலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதில் ஒன்றுக்கு நுரையீரல் வரை போய் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். யாழினிக்கு அம்மை ஊசியை உடனே போட்டாக வேண்டும், மற்றதை அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். நிதிஷைப் பார்க்கும் குழந்தை டாக்டரிடமே கேட்டுவிட்டேன். ‘தங்கச்சிக்குத் தாராளமாப் போடலாம், போட்டே ஆகணும்’ என்றுவிட்டார்.

நம் மாநிலத்தில் புதன்கிழமை ஊசி நாள். உங்களுக்குத் தெரியும், செல்வராசுவுக்கும் தெரியும். முதல் புதன்கிழமை வீட்டு வாசலில் போய் நின்றேன்.

“பாப்பா எங்கக்கா?”

வளர்மதி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னாள். “டூட்டிக்குப் போயிருக்கு சிஸ்டர்.”

“யாரு, அண்ணனா?”

“அவரும்தான்.”

நான் விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. மனுஷன் லாரி கேபினுக்குள் சீட்டுக்குப் பின்னால் சேலையில் தூளி கட்டி, பால் புட்டி, கிலுகிலுப்பை சகிதம் குழந்தையைச் சுண்ணாம்புச் சுரங்கத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். மற்ற ஆறு நாளும் குழந்தை வீட்டில் இருக்கும். புதன்கிழமை மட்டும் வேலைக்குப் போகும். சுரங்க கேட்டில் செக்யூரிட்டி ‘உள்ள வர்ற எல்லாருக்கும் ஹெல்மெட்’ என்று மறித்தாராம். செல்வராசு தன் ஹெல்மெட்டைக் கவிழ்த்து அதற்குள் குழந்தையை உட்காரவைத்து, ‘இப்ப ஓகேவா?’ என்று கேட்டாராம்.

அடுத்த புதனும் போனேன்.

“இன்னிக்குமா?”

“லீவே போடுறதில்ல சிஸ்டர். எம் மவன் இப்புடி ஸ்கூலுக்குப் போனாத் தேவல.”

மூன்றாவது முறை நான் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு லாரிகள் நிற்கும் டீக்கடைக்குப் போனேன். கேபின் கதவு திறந்திருந்தது. தூளியிலிருந்து ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது, கொலுசு போட்ட கால்.

“வணக்கம் சிஸ்டரு. டீ சாப்புடுறீங்களா?” என்றார் செல்வராசு. மரியாதையில் குறையே வைக்க மாட்டார்.

“டீ வேணாம்ணே. குழந்தையக் குடுங்க.”

“அது டூட்டியில இருக்கு.”

“அண்ணே, நிதிஷுக்கு வந்ததுக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்ல.”

“அப்ப எதால வந்துச்சு?”

பொய் சொல்ல வரவில்லை. “அது இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாதுண்ணே” என்றேன்.

“எதால வந்துச்சுன்னு தெரியாது. எதால வரலைங்கறது மட்டும் கரெக்டாத் தெரிஞ்சிருச்சு. நல்ல படிப்பு படிச்சிருக்கீங்க சிஸ்டரு.”

டீக்கடை மொத்தமும் சிரித்தது. வடை போடுகிறவர் கரண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“உங்க லாரி நடுரோட்டுல நின்னுபோச்சுன்னு வையிங்க. ஏன்னு தெரியல. டேங்க்கத் தொறந்து பாக்குறீங்க, டீசல் ரொம்பி நிக்குது. எதால நின்னுச்சுன்னு தெரியாட்டியும் டீசல் இல்லாம நிக்கலங்கறது தெரியுமா தெரியாதா? அதே மாதிரிதான். ஊசி போட்ட புள்ளைங்க, போடாத புள்ளைங்க ரெண்டு பக்கத்தையும் வச்சுப் பாத்துட்டாங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலதான் வருது.”

டீக்கடை என் பக்கம் சாய்வது தெரிந்தது. ஒரு டிரைவர் ‘பாயிண்டுதான்டா’ என்றார். செல்வராசு டம்ளரைக் கீழே வைத்தார்.

“லாரி நின்னா எறங்கி வேற லாரியில ஏறிக்குவேன் சிஸ்டரு. புள்ள நின்னா எதுல ஏறுவேன்?”

கதவைச் சாத்தினார். லாரி போய்விட்டது. டிபேட்டில் ஜெயித்து டூட்டியில் தோற்பது எப்படி என்று கேட்டால் இந்த சீனைக் காட்டலாம்.

எனக்கு மேலே ஒரு சீனியர் அக்கா இருந்தார். அந்த ஏரியாவில் அவர் ஊசி படாத குழந்தைத் தொடை கிடையாது. நடந்ததைச் சொன்னேன்.

“தெரியாதுன்னு வேற சொன்னியா? நல்ல புள்ளடி நீ. இன்னொரு உண்மை இருக்கு பாரு, அத மட்டும் சொல்லித் தொலைச்சிராத.”

அந்த இன்னொரு உண்மை இதுதான். கூடப் பிறந்தவருக்கு இந்த நோய் இருந்தால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிடக் கொஞ்சம் கூடுதல். ஊசி போட்டாலும் கூடுதல்தான், போடாவிட்டாலும் கூடுதல்தான்.

“அதச் சொன்னா அந்த ஆளு புள்ளையத் தூக்கிக்கிட்டு வடநாட்டுக்கே லோடு ஏத்திருவான். ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு, ஊசியப் போடு, வந்துகிட்டே இரு” என்றார் அக்கா.

இரண்டு நாள் கழித்து வளர்மதி போன் பண்ணினாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“சிஸ்டர், அவரு எஞ் சொல்லும் கேக்க மாட்டாரு, உங்க சொல்லும் கேக்க மாட்டாரு. பெரியசாமி சொன்னாக் கேப்பாரு. உத்தரவு கேக்கலாம்னு சொல்லிட்டேன், சரின்னுட்டாரு. புதன்கெழம காலையில வந்துருங்க, பெட்டியோட.”

பெரியசாமி அவர்கள் குலதெய்வம். உத்தரவு கேட்பது என்றால், சூடம் ஏற்றி விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சும்மா நிற்பார்கள். கோயிலுக்குள் பல்லி வலப்பக்கம் கத்தினால் சரி, இடப்பக்கம் கத்தினால் வேண்டாம். பெண் பார்ப்பது, போர் போடுவது, வண்டி வாங்குவது எல்லாம் அப்படித்தான். இடப்பக்கம் கத்தித்தொலைத்தால் ஜென்மத்துக்கும் அந்தக் குழந்தைக்கு ஊசி போட முடியாது. நாலு வருஷம் நர்சிங் படித்தவள் ஒரு பல்லியின் கையில் கேஸைக் கொடுப்பதா? கேவலமான ஐடியா. ஆனால் அந்த ஒரு புதன்கிழமை குழந்தை டூட்டிக்குப் போகாது. வருகிறேன் என்றேன்.

போனால் பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். ரோட்டை ஒட்டி சின்ன கான்கிரீட் கோயில், எதிரே அங்கன்வாடி. பூசாரி மருதமுத்து செல்வராசுவுக்குச் சித்தப்பா முறை. சூடத்தை ஏற்றி, “பெரியசாமி, நம்ம செல்வராசு பொண்ணுக்கு அம்ம ஊசி போடலாமா வேணாமா, நர்சு காத்துக்கிட்டு இருக்கு, வெரசாச் சொல்லு” என்றார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

ஒரு டிப்பர் போனது. கோயிலே அதிர்ந்தது. அடுத்து இன்னொன்று. அடுத்து மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக.

“சாமி சொல்ல வாயெடுத்துச்சு. லாரி அமுக்கிருச்சு” என்றார் பூசாரி.

செல்வராசு போனை எடுத்தார். “டேய், கோயிலாண்ட வராத, அங்கனயே நிறுத்து. பின்னால வர்றவனுக்கும் சொல்லு. உத்தரவு கேக்குறோம்.” கொஞ்ச நேரத்தில் ரோட்டின் இரண்டு பக்கமும் லாரிகள் இன்ஜினை அணைத்துவிட்டு வரிசையாக நின்றன. டிரைவர்கள் சும்மா இருப்பார்களா, இறங்கி வந்துவிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்கள். ஒருவருக்கு சூப்பர்வைசர் போன் வந்தது. “சார், பல்லிக்காக வெயிட் பண்றோம் சார்” என்று கிசுகிசுத்தார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, “ஆமா சார், பல்லிதான் சார்” என்றார்.

கத்தியது. எல்லாருக்கும் கேட்டது. வாசலைப் பார்த்து நின்ற எங்களுக்கு இடது கைப் பக்கம். செல்வராசு முகம் தெளிந்தது. அப்போது ஒரு பங்காளி கேட்டார்.

“இரு இரு. எடப்பக்கம்னா யாருக்கு எடப்பக்கம்? சாமி நம்மளப் பாத்துல்ல நிக்குது. சாமிக்கு அது வலப்பக்கம்ல?”

“கேக்குறது நாமதான? அப்ப நமக்குத்தான் கணக்கு.”

“சொல்றது சாமில்ல?”

“அப்ப எங்கக்கா கல்யாணத்துக்கு எந்தப் பக்கம் பாத்தீங்க?” என்று ஒருவர் பின்னாலிருந்து கேட்டார். அவர் குரலில் வேறு ஏதோ பழைய கேஸ் இருந்தது. லாரி டிரைவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒருவர் ‘டிரைவர் சைடு, கிளீனர் சைடுன்னு வையிங்கப்பா, கொழப்பமே வராது’ என்று யோசனை சொன்னார். மறுபடியும் கேட்பது என்று முடிவாயிற்று. பல்லி மறுபடி வாயைத் திறக்கவே இல்லை. ஒரு பொடியன் போனில் பல்லிச் சத்தத்தைத் தேடிப் போட்டால் உள்ளே இருப்பது பதில் சொல்லும் என்றான். போட்டான். முதலில் ஜவுளிக்கடை விளம்பரம் வந்தது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. பெட்டிக்குள் ஐஸ் கரைய ஆரம்பித்திருக்கும். பூசாரி என்னை ஜாடை காட்டிக் கோயிலுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

“பாப்பா, இது இப்போதைக்கு ஆவாது. நான் வேணா வலப்பக்கம் நின்னு பல்லி மாதிரி நாக்கால ஒரு தட்டுத் தட்டுறேன். கேஸ் முடிஞ்சிரும்.”

“சாமி கோவிச்சுக்காதா?”

“இந்த ஊர்ல பாதிக் கல்யாணம் எந் நாக்காலதான் நடந்துச்சு. இதுவரைக்கும் கோவிச்சுக்கல.”

தங்கச்சிகளா, சத்தியமாகச் சொல்கிறேன், சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். பக்கத்து ஊரில் ஒரு குழந்தை ஆக்சிஜனில் கிடக்கிறது. இங்கே ஒரு தட்டுத் தட்டினால் ஒரு குழந்தை தப்பிக்கும். நல்ல காரியத்துக்கு நாக்கு தட்டினால் என்ன?

என்னவென்றால், அம்மை ஊசி போட்ட ஒரு வாரம் பத்து நாளில் லேசாகக் காய்ச்சல் வரலாம். இந்த வீட்டில் காய்ச்சல் வந்தால் அப்பா முதலில் ஊசியை நினைப்பார், அடுத்து பல்லியை, அப்புறம் அந்தப் பல்லி எது என்று விசாரிப்பார். இந்த ஊரில் அது வெளியே வர அரை நாள் போதும். அதற்குமேல் ஒன்று. யாழினிக்கு என்றாவது நிஜமாகவே சர்க்கரை வந்துவிட்டால்? ‘ஒண்ணும் ஆகாது’ என்று ஒரு பொய்ப் பல்லியை வைத்துச் சொன்னவளாக நான் நிற்பேன். அதற்குப் பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் குழந்தைக்கும் எவளாலும் ஊசி போட முடியாது.

“வேணாம் பெரியப்பா” என்று சொல்லிவிட்டு முன்னால் வந்தேன். செல்வராசுவைத் தனியாகக் கூப்பிடவில்லை. அத்தனை பேர் முன்னாலேயே, சீனியர் அக்கா சொல்லாதே என்றதைச் சொன்னேன்.

“அண்ணே, பல்லி எந்தப் பக்கம் சொன்னாலும் ஒண்ணு சொல்லிர்றேன். யாழினிக்கும் சக்கர வரலாம். நிதிஷுக்கு இருக்கறதால மத்த புள்ளைங்களவிட இவளுக்கு வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. ஊசி போட்டாலும் அவ்வளவுதான், போடாட்டியும் அவ்வளவுதான். லாரியில ஒளிச்சு வச்சா அது தேடி வராதுன்னு இல்ல.”

வளர்மதி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அம்ம வராமத் தடுக்க எங்கிட்ட மருந்து இருக்கு. சக்கர வராமத் தடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லண்ணே. இருந்திருந்தா நிதிஷுக்குத்தான் மொதல்ல குடுத்திருப்போம்.”

செல்வராசு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“அவனுக்குப் போட்டப்ப ஒண்ணும் ஆகாதுன்னாங்க” என்றார். “சக்கர வந்தப்பறம் போயிக் கேட்டதுக்கும் ஒண்ணும் ஆகாது, சரியாப்போயிரும்னுதான் சொன்னாங்க. பெரியாஸ்பத்திரியில போயிதான் தெரிஞ்சுது, இது சாவுறமட்டும் இருக்கும்னு. எங்கிட்ட எவனும் இருக்கறத இருக்கற மாதிரி சொன்னதில்ல.”

அப்போது பல்லி கத்தியது. எங்களுக்கு வலப்பக்கம், பளிச்சென்று. எல்லாரும் பூசாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாய் நிறைய வெற்றிலையோடு ‘நான் இல்லை’ என்று இரண்டு கையையும் ஆட்டினார். டிரைவர்கள் கைதட்டினார்கள். சாமிக்கு அது இடப்பக்கமாச்சே என்று எதிர்க்கட்சி ஆரம்பித்தது.

“அது கெடக்கட்டும்பா, கத்துனா கத்திட்டுப் போவுது” என்றார் செல்வராசு. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். “எங்க வச்சுப் போடணும் சிஸ்டரு?”

அங்கன்வாடிக்குப் போனோம். ஊசி மருந்தை எடுத்ததும் கையை நீட்டினார்.

“குடுங்க, நானே போடுறேன்.”

“அதெல்லாம் கூடாதுண்ணே.”

“நாலு வேள ஒருத்தனுக்குப் போடுறேன். எங் கை உங்க கையவிட நயமா இருக்கும்.”

இருக்கும்தான். ஆனால் ரூல் ரூல்தான். பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். நிதிஷ் தங்கச்சி காதில் எல்லாருக்கும் கேட்கும்படி ரகசியம் சொன்னான். “வயித்துல போட்டா வலிக்காது பாப்பா. கையிலன்னா கொஞ்சம் வலிக்கும். அழுதுக்க.” அவள் வீறிட்டாள். ஜன்னலில் அத்தனை டிரைவர்கள். போட்டபின் அரை மணி நேரம் குழந்தையைக் கவனிக்க வேண்டும் என்று சொன்னதுதான் தப்பு, அரை மணி நேரமும் அத்தனை பேரும் கவனித்தார்கள். ஒரு லாரிகூட நகரவில்லை. சூப்பர்வைசர் நேரிலேயே பைக்கில் வந்து, அவரும் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுப் போனார்.

இத்தோடு முடித்துவிட்டால் எனக்கு நல்ல பெயர். முடியவில்லை.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, மத்தியானம் சோற்றில் கை வைக்கும்போது போன். “சிஸ்டரு, பாப்பாவுக்குக் காச்சல்.”

“வரும்னு சொன்னேன்லண்ணே.”

“காச்சல் இல்ல வெசயம். தண்ணி குடிக்கிது. ஒரு டம்ளர் முழுசாக் குடிச்சிட்டு இன்னும் கேக்குது. அவனும் இப்புடித்தான் மொதல்ல தண்ணி குடிச்சான்.”

காய்ச்சலில் எந்தக் குழந்தையும் தண்ணீர் குடிக்கும். போனிலேயே சொல்லிவிட்டு சோற்றைச் சாப்பிட்டிருக்கலாம். கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினேன்.

போனபோது வீட்டுக்குள் செல்வராசு நிதிஷின் சர்க்கரை பார்க்கும் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். குழந்தையின் குதிகாலில் குத்திப் பார்த்தாகிவிட்டது. திரையில் இருந்தது நல்ல நம்பர். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நார்மல்தாண்ணே.”

“தெரியும். எனக்கும் பாக்கத் தெரியும்.”

“அப்பறம் என்னண்ணே?”

“நீங்களும் ஒருக்கா பாருங்க.”

பார்த்தேன். காய்ச்சலைப் பார்த்தேன், மருந்து கொடுத்தேன், நாக்கைப் பார்த்தேன், ஒன்றுக்கு எத்தனை தடவை போனாள் என்று கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். குழந்தை எழுந்து என் ஐடி கார்டைக் கடித்தது.

“இப்பவாச்சும் நம்புறீங்களா, ஊசியால வரலன்னு?” என்று கேட்டேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

“இல்ல” என்றார். “இவளுக்கு வந்துச்சுன்னா உங்களுக்குத்தான் மொதல்ல போன் பண்ணுவேன். கண்டபடி திட்டுவேன்.”

“திட்டுங்க. எடுப்பேன்.”

அதற்கப்புறம் யாழினி பாக்கி ஊசியையெல்லாம் போட்டுக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு போன் வரும். சில நாள் ஊசியே இல்லாமலும் வரும், வெயில் காலத்தில் ஜாஸ்தி வரும். ஒரு தடவை நான் சென்னையில் என்ட்ரன்ஸ் எழுதப் போயிருந்தேன். ஹால் வாசலில் நின்றுகொண்டு, குழந்தை தர்ப்பூசணி தின்றுவிட்டுத் தண்ணீர் கேட்டது பற்றிக் கால் மணி நேரம் பேசினேன்.

பக்கத்து ஊரில் ஆக்சிஜனில் இருந்த குழந்தை பிழைத்துவிட்டது. அதையும் கேட்பீர்கள் என்று சொல்கிறேன்.

அந்த ஊர் இப்போது உங்களில் ஒருத்திக்கு வந்திருக்கிறது. உன் நம்பரை அவருக்கு நேற்றே கொடுத்துவிட்டேன். கூப்பிடுவார். முதலில் திட்டுவார், குறுக்கே பேசாதே, முடிக்கட்டும். ஒன்றும் ஆகாது என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. பாப்பா எவ்வளவு தண்ணீர் குடித்தாள், ஒன்றுக்கு எத்தனை தடவை போனாள் என்று கேள். அவர் சொல்வதில் ஏதாவது ஒன்று இடித்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. இடிக்காவிட்டாலும், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வா.